நின்றால்தான் மதிப்பு

கைக்கடிகாரம் என்பது மணி பார்ப்பதற்காக ஏற்பட்டது என்ற தவறான எண்ணம் பொதுமக்களிடையே வெகுகாலமாக இருந்துவந்தது. அதைப் போக்குவதற்கென்றே பழைய கைக்கடிகார மதிப்பீட்டு அலுவலகம் நிறுவப்பட்டது. அங்கே சான்றிதழ் வாங்கிய கடிகாரத்துக்குச் சேகரிப்பாளர்கள் கொட்டிக் கொடுப்பார்கள் என்று பேச்சு. பெரிய மனிதர் என்று பேரெடுக்க அப்போது பழைய கடிகாரம்தான் வழி. காரும் பங்களாவும் எடுபடாமல் போய்விட்டன.

இந்தப் பேச்சு தையல்காரர் காதில் விழுந்தபோது அவருடைய இரண்டு முட்டிகளும் ஏறக்குறையப் போய்விட்டிருந்தன. காலால் மிதிக்கிற மெஷினில் ஊருக்கெல்லாம் பேண்ட் தைத்துத் தைத்து வந்த வினை. எழுந்திருக்க வேண்டுமென்றால் மேஜையைப் பிடித்துக்கொண்டு ஒரு முனகல் முனக வேண்டும். மோட்டார் மெஷின் வாங்கினால் முட்டி பிழைக்கும். மாமனார் கொடுத்த, சாவி கொடுக்கிற கைக்கடிகாரத்தை விற்றால் மோட்டார் மெஷின் வாங்கலாம். இதில் என்ன சிக்கல் வந்துவிடும் என்று நினைத்தார், பாவம்.

மனைவி கடிகாரக் கண்ணாடியில் பற்பசை போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினாள். அவர் புதுத் தோல்பட்டை மாட்டி, ரிப்பேர்க் கடையில் எண்ணெயும் விட்டுக்கொண்டார். கடிகாரம் பரீட்சைக்குப் போகிற பிள்ளைபோல ஜம்மென்று அலுவலகத்துக்குள் நுழைந்தது.

மதிப்பீட்டு அதிகாரி கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு பார்த்தார். பிறகு காதில் வைத்துக் கேட்டார். முகம் சுண்டிவிட்டது.

"என்னங்க இது, ஓடுது?"

"நல்லா ஓடும் சார். ஒரு நிமிஷம்கூடப் பிசகாது."

"அதைத்தான் கேக்கறேன். இவ்வளவு பழைய கடிகாரம் எப்படி ஓடும்? யாரோ கை வெச்சிருக்காங்க."

சேகரிப்பாளர்கள் விரும்புவது மனிதக் கை படாத கடிகாரம் என்று அதிகாரி விளக்கினார். துரு இருக்க வேண்டும், அதுவும் சொந்தத் துருவாக. உள்ளே எறும்பு செத்துக் கிடந்தால் தனி மதிப்பு. மணி பார்க்கத்தான் வேண்டுமென்றால் பெட்டிக்கடையிலேயே பிளாஸ்டிக் கடிகாரம் கிடைக்கிறதே, இவ்வளவு பெரிய அலுவலகம் எதற்கு என்று கேட்டார். நியாயமான கேள்வி.

"இப்ப நான் என்ன சார் பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ணக் கூடாது. ஒண்ணும் பண்ணாத கடிகாரமா கொண்டாங்க."

ஒன்றும் பண்ணாத நிலைக்குக் கொண்டுவர நிறையப் பண்ண வேண்டியிருந்தது. குளியலறை ஆணியில் மழைக்காலம் முழுக்கக் கடிகாரத்தைத் தொங்கவிட்டார்கள். எறும்பை வரவழைக்கச் சர்க்கரை வைத்தார்கள். பளபளப்பாக்கிய கண்ணாடியை மனைவியே சாம்பல் போட்டு மங்க வைத்தாள்.

"நின்னாத்தான் மதிப்புங்கறாரே, அந்த ஆபீஸ்ல யாரும் இடத்தைவிட்டு அசையாதது அதுனாலதானோ?" என்று கேட்டாள். தையல்காரர் அரசாங்க விஷயத்தில் வாயைக் கொடுக்காதே என்று அடக்கிவிட்டார்.

இரண்டாம் முறை கடிகாரத்தைப் பார்த்ததும் அதிகாரி எழுந்து நின்றார். பக்கத்து அறைக்காரர்களெல்லாம் வந்து எட்டிப்பார்த்தார்கள். 'மேற்படி கடிகாரம் முற்றிலும் தீண்டப்படாதது, தன் சொந்த முயற்சியால் நின்றது, ஒரே குடும்பத்தின் வசமே இருந்துவருவது' என்று சான்றிதழ் தயாரானது. அதில் குறித்திருந்த விலைக்கு மோட்டார் மெஷின் என்ன, மெஷின் விற்கிற கடையையே வாங்கலாம். தையல்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதை யார்கிட்ட சார் விக்கணும்?"

அதிகாரி பதறிப்போனார். "விக்கறதா? ஒரே குடும்பத்துல இருக்கறதாலதானே இந்த விலை. வித்தா அது போயிடுமே."

"விக்காத வரைக்கும்தான் இந்த விலையா?"

"இப்பதான் புரிஞ்சுக்கிட்டீங்க. இனிமே நீங்களும் ஒரு சேகரிப்பாளர்" என்று அதிகாரி கைகொடுத்தார்.

தையல்காரருக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சல் தெருமுனை வரைக்கும்தான் இருந்தது. சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுக் கடையில் மாட்டினார். மறுநாளே, அளவு கொடுக்க வந்தவர்கள் அவரை 'சார்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நின்றுபோன கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டு அதே மெஷினை மிதித்தார். மணி கேட்டவர்களை ஏளனமாகப் பார்த்தார். மோட்டார் மெஷினைப் பற்றி மனைவி பேச்செடுத்தால், உனக்கு ரசனை கிடையாது என்றார்.

கடைசியில் அவரால் படியேற முடியாமல் போகவே, மனைவி டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தன் கைக்கடிகாரத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். அதுவும் துருப்பிடித்து நின்றுபோயிருந்தது. தையல்காரருக்கு அவர்மேல் மரியாதை பொங்கியது.

"நாடியெல்லாம் பிரமாதமா இருக்கு. முட்டியைத்தான் மாத்தணும்."

தையல்காரர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "வேண்டாம் டாக்டர். இதுவரைக்கும் யாரும் கை வெச்சதில்ல. ஒரிஜினல்."

டாக்டர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். "முன்னாடியே சொல்லக் கூடாதா? நான் பாட்டுக்குத் தொட்டிருப்பேனே."

தையல்காரர் மனைவியின் தோளைப் பிடித்தபடி, ஒவ்வொரு அடிக்கும் முனகிக்கொண்டு வெளியே வந்தார். அங்கே காத்திருந்த நோயாளிகள் அவர் முட்டியைப் பொறாமையோடு பார்த்தார்கள்.