கழுகுக்கும் வாள்காரிக்கும் ஒரு நியாயமான போட்டி

"உக்காருங்க அம்மிணி" என்றார் முதலாளி மணியன்.

சித்ரகலா உட்காராமல் நாற்காலியைப் பார்த்தாள். அவிநாசி ரோட்டில் இருந்த அந்தப் பனியன் கம்பெனியில் மணியன் லேசில் யாரையும் உட்காரச் சொல்லமாட்டார். அவரே நின்றுகொண்டுதான் பேசுவார். எப்போதோ அவர் உட்காரச் சொன்ன ஓரிருவர் அடுத்த மாதம் வேறு கம்பெனியில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

மேஜைமேல் அந்த மாதத்துக் கம்ப்யூட்டர் பத்திரிகை விரிந்து கிடந்தது. கோவையிலிருந்து வருவது. அதில் கிராபிக்ஸ் கார்டுகளைச் சோதித்துப் பார்த்து எழுதுவது சித்ரகலாதான். பனியனில் அச்சடிக்கும் படங்களை வரைகிற டிசைன் செக்‌ஷனுக்கு அவள் தலைவி. கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்து படத்தை ஓடவைக்கும் அந்தக் கார்டுகளில் எது சரக்கு, எது வெறும் பெட்டி என்று அவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று ஊரில் ஒரு பெயர். கார் ரேஸ் விளையாட்டில் அவளை செக்‌ஷனில் ஒருவரும் ஜெயித்ததில்லை என்பதுதான் அந்தப் பெயருக்கு ஆதாரம்.

"நம்ம பையன் கார்டு எப்படிங்க தோத்துச்சு?" என்று கேட்டார் மணியன், ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றைக்கு ஹெட்மாஸ்டரிடம் கேட்பதுபோல.

பையன் தரணீதரன் பல்லடம் ரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தான். அவன் விற்பது வாள்காரி கார்டு. தயாரித்தவர்கள் வைத்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை; பெட்டியில் ஒரு பெண் வாளைத் தூக்கிக்கொண்டு நின்றதால் ஊர் அப்படியே கூப்பிட்டது. பத்திரிகையில் அவளைத் தோற்கடித்திருந்தது கழுகு கார்டு. அந்தப் பெட்டியில் கழுகு. திருப்பூரில் கழுகு கார்டு கிடைக்கும் கடை ராயபுரத்தில் ஒன்றே ஒன்று. அதன் சொந்தக்காரர் சிவசுப்பிரமணியம், சித்ரகலாவின் மாமனார். வாள்காரி உடுத்தியிருந்த துணி போதாது, அந்தப் பெட்டியைச் சாமி படம் மாட்டிய கடையில் அடுக்கக் கூடாது என்று மாமியார் கறாராகச் சொல்லிவிட்டதால்தான் அவர் கழுகுக்குப் போனார்.

மணியன் விளக்கினார். கழுகில் சாதா கார்டும் உண்டு, தயாரிக்கும்போதே வேகத்தைக் கூட்டிவிட்ட ஸ்பெஷல் கார்டும் உண்டு. சித்ரகலா எடுத்தது ஸ்பெஷல். வாள்காரியில் எடுத்ததோ சாதா.

"உங்க மாமனாருக்கு ரேஸ் வண்டி குடுத்துப்போட்டு, நம்ம பையனை மொபட்ல உட்டுட்டீங்களாமா. தரணி சோறே திங்கலீங்க."

சித்ரகலா யோசித்துப் பார்த்தாள். உண்மைதான். ஆபீஸ் மெஷினில் சாதா வாள்காரி இருந்தது. வீட்டில் இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் மாமனார் ஸ்பெஷல் கழுகைக் கொண்டுவந்து வைத்தார். கைக்குக் கிடைத்த இரண்டையும் எடுத்து ஓட்டிவிட்டாள். எழுதும்போது மட்டும் 'பாரபட்சமற்ற சோதனை' என்று கொட்டை எழுத்தில் போட்டாயிற்று. அவளுக்குக் காது மடல் சூடானது.

மறுபடியும் சோதித்து, நியாயமாக எழுதிவிடுகிறேன் என்றாள்.

"அதைத்தானுங்க நானும் கேக்கறேன்" என்றார் மணியன். "ஞாயமா நம்ம பையன் ஜெயிக்கோணும்."

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் சிவசுப்பிரமணியம் கை கழுவப் போனவர் பாதியில் நின்றார். அவர் ஏற்கெனவே கடை வாசலில் கழுகுக்குப் பெரிய ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்.

"அப்ப போன வாட்டி நாம ஜெயிச்சது அஞ்ஞாயமா கண்ணு?"

அப்படி இல்லை மாமா, இந்தத் தடவை ஒரே விலைக் கார்டுகளாக எடுத்துக்கொள்வோம், அப்போது யாரும் வாய் திறக்க முடியாது என்றாள் சித்ரகலா. அவளுக்கே அது ரொம்பப் புத்திசாலித்தனமாகப் பட்டது.

மறுநாளே தரணீதரன் தன் கடையின் பெரிய வாள்காரிக்குச் சின்ன வாள்காரியின் விலையை ஒட்டிவிட்டுப் போன் செய்தான். இனிமேல் இதுதான் ஒரே விலை, இதைச் சோதியுங்கள் என்றான். சேதி ராயபுரத்துக்குப் போனதும் சிவசுப்பிரமணியம் அதைவிடப் பெரிய கழுகை அதே விலைக்கு இறக்கினார். தரணி அதற்கும் மேலே ஒன்றை இறக்கினான். போட்டிக்காகச் செய்கிறார்கள் என்பது ஊருக்குத் தெரியாது. காலேஜ் பையன்கள் கூட்டமாக வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். சாயங்காலம் இரண்டு கடையிலும் அலமாரி காலி. சோதிக்க ஒரு கார்டு மிச்சமில்லை. இரண்டு பேருமே நஷ்டத்துக்குச் சித்ரகலாவைக் காரணம் சொன்னார்கள்.

விலைதானே தகராறு, விலையையே விட்டுவிடுவோம் என்று முடிவு செய்தாள். அவரவர் கார்டுக் கம்பெனியின் ஆகச் சிறந்த கார்டை அவரவரே வரவழைத்துக் கொண்டுவரட்டும். யார் எதைத் தேர்ந்தெடுத்தது என்ற பேச்சே வராது.

தரணி பனியன் கம்பெனிக்குக் கொண்டுவந்த கார்டு, மாட்டவேண்டிய பெட்டியைவிட நீளம். அதை உள்ளே திணிப்பதற்காகக் கம்ப்யூட்டர் பெட்டியின் ஒரு பக்கத்தை அறுத்தார்கள். அப்படியும் கார்டு வெளியே நீட்டிக்கொண்டுதான் இருந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாரும் முழங்கையில் இடித்துக்கொண்டார்கள். சிவசுப்பிரமணியம் கொண்டுவந்தது நீளம் குறைவு, ஆனால் கரண்டைக் குடித்தது. அதைப் போட்டதும் 'டப்' என்று ஒரு சத்தம். டிசைன் செக்‌ஷனோடு சேர்ந்து பக்கத்து எம்ப்ராய்டரி மெஷின்களும் நின்றுபோயின. ஜெர்மனிக்குப் போகவேண்டிய குழந்தைச் சட்டைகளில் அத்தனை வாத்துகளும் அலகில்லாமல் நின்றன. அலகில்லாத வாத்தை முட்டை என்று சொல்லி அனுப்ப முடியுமா என்று ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர் வெகுநேரம் யோசித்தார்.

மணியன் வந்து வாத்துகளைப் பார்த்தார். ஒரு நாற்காலியைச் சித்ரகலாவின் பக்கம் நகர்த்தினார்.

அன்று மத்தியானம் அவள் பத்திரிகை ஆசிரியருக்குப் போன் செய்து, இனி எழுதமாட்டேன் என்றாள். ஆசிரியர் அசரவில்லை. இரண்டு கட்சிக்கும் சம்பந்தமில்லாத ஒரு கோவைக் கடையில், ஒரே தரத்தில் சாதா வாள்காரி ஒன்றும் சாதா கழுகு ஒன்றும் தானே வாங்கி, டேப் பிரிக்காமல் பஸ் பார்சலில் அனுப்புவதாகச் சொன்னார். சொன்னபடியே அனுப்பினார்.

இதற்குமேல் யார் என்ன சொல்ல முடியும் என்று சித்ரகலா நினைத்தாள்.

சொன்னார்கள். எந்த விளையாட்டை ஓட்டிப் பார்ப்பது என்பதில் ஆரம்பித்தது. அவள் சொன்ன கார் ரேஸ் கழுகுக்குச் சாதகம் என்றான் தரணி. அவன் சொன்ன சண்டை விளையாட்டு வாள்காரிக்குச் சொந்தபந்தம் என்றார் சிவசுப்பிரமணியம். கடைசியில் ஒருவருமே விளையாடியிராத ஒரு படகு விளையாட்டை மணியன் தேர்ந்தெடுத்தார். அதன் கவரில் தண்ணீர் நிறையத் தெரிந்தது என்பது அவர் சொன்ன காரணம். அப்புறம் பேச்சு ஆளிடம் வந்து நின்றது. எங்க சோத்தைத் தின்கிற பிள்ளைதான், ஆனாலும் சம்பளம் அங்கே வாங்குகிறதே என்று மாமனார் இழுத்தார். எங்க சம்பளம்தான், ஆனால் சோறு அங்கேயல்லவா என்று மணியன் இழுத்தார்.

"எது எந்தக் கார்டுன்னு எனக்கே தெரியாம பாக்கறேனுங்க" என்றாள் சித்ரகலா, பொறுமை போய். "ஒரு துணியக் கட்டி உடுங்க."

கம்பெனியில் துணிக்கா பஞ்சம். சாம்பிள் ரூமின் குறுக்கே ஒரு முழு ரோல் பனியன் துணியை இழுத்துக் கட்டினார்கள். இந்தப் பக்கம் படம் தெரியும் மானிட்டர், அந்தப் பக்கம் கம்ப்யூட்டர். கார்டை மாற்றி மாட்டும் பொறுப்பு சர்வீஸ்காரன் வேலுமணிக்கு. இரண்டு கடையில் எது கூப்பிட்டாலும் ஒரே அளவு தாமதமாக வருகிறவன் என்பதால் இரு கட்சிக்கும் அவன்மேல் நம்பிக்கை இருந்தது. எல்லாரும் பெட்டிகளின் டேப்பைத் தடவிப் பார்த்துத் திருப்தியான பிறகு, அவன் இரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு துணிக்கு அந்தப் பக்கம் போனான்.

முதல் கார்டில் படகு ஓடியது. சித்ரகலா மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினாள். வேகக் கணக்கு மானிட்டரில் விழுந்தது.

பிறகு வேலுமணி கார்டை மாற்றினான். டக் டக் என்று நெடுநேரம் சத்தம் கேட்டது. நடுவில் கரண்ட் வேறு போய், ஜெனரேட்டர் போட்டார்கள். காத்திருந்தவர்களுக்கு டீயும் பஜ்ஜியும் வந்தன. மணியன் இரண்டு தரம், எத்தனை நேரம்ப்பா என்று துணியைப் பார்த்துக் கேட்டார். ஒருவழியாக, "ரெடிங்க" என்று குரல் வந்தது.

இரண்டாவது கார்டில் படகு வழுக்கிக்கொண்டு போனது. எண்ணும் ஒரு துளி கூடுதலாக விழுந்தது. ஆனால் யாரும் எண்ணுக்காகக் காத்திருக்கவில்லை.

"மொதக் கார்டுல அந்தச் செவப்புப் படகு சாயம் போன மாதிரி இருந்துச்சுங்க" என்றார் மணியன். சாய விஷயத்தில் அவர் கண்ணுக்கு வெள்ளைக்காரனே கட்டுப்படுவான். "இதுல பாருங்க, கெட்டிச் சாயம்."

இரண்டாவதுதான் தன்னுடையது என்று மனசில் முடிவு கட்டிய தரணி, முதல் கார்டில் தண்ணீர் தண்ணீராகவே இல்லை, மோர் மாதிரி இருந்தது என்றான். அதே முடிவுக்கு வந்திருந்த சிவசுப்பிரமணியம், இரண்டாவதைப் பார்த்தபோது தனக்குச் சாரலே அடித்தது என்றார். சித்ரகலாவுக்கும் சந்தேகமில்லை. இத்தனை வருஷ அனுபவத்தில் இரண்டு கார்டுகளுக்குள் இவ்வளவு தெளிவான வித்தியாசத்தை அவள் கண்டதில்லை. எல்லாருமாகச் சேர்ந்து ஒரே மனதாக இரண்டாவதை ஜெயிக்கவைத்த பிறகு, எது எது என்று வேலுமணியைக் கேட்டார்கள்.

துணியை விலக்கிக்கொண்டு வியர்வையோடு வந்து நின்றான் வேலுமணி. முதலாவது வாள்காரி, இரண்டாவது கழுகு என்றான்.

சித்ரகலா கண்ணை மூடிக்கொண்டாள். வேலை போயிற்று என்று நிச்சயமாகத் தெரிந்தது. நாற்காலி இழுபடும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

அந்தச் சத்தம் வரவில்லை. மோர் என்று சொன்ன வாயைத் தரணி பஜ்ஜியால் அடைத்துக்கொண்டான். மணியன் கொஞ்சநேரம் தாடையைத் தடவினார்.

"கண்ணுல பாத்தாச்சுங்க அம்மிணி. ஞாயம்னா ஞாயந்தான்."

அதற்குப் பிறகு எல்லாமே சுபமாக நடந்தது. சித்ரகலா எழுதிய கட்டுரையில் வாள்காரியின் வெளிறிய நிறத்துக்கு ஒரு பக்கமும் கழுகின் தெளிவுக்கு ஒரு பக்கமும் போயின. இந்தியாவிலேயே இவ்வளவு நேர்மையான சோதனை நடந்திருக்காது என்று ஆசிரியர் முன்குறிப்பு எழுதினார். தரணி ராயபுரத்துக்கே வந்து, மாமா, எனக்கும் கழுகு கொடுங்கள், இனிமேல் சேர்ந்தே விற்போம் என்றான். சிவசுப்பிரமணியம் அவனை உட்காரவைத்து விருந்து போட்டார். டிசைன் செக்‌ஷனில் எல்லா மெஷினிலும் வாள்காரியைக் கழற்றிவிட்டுக் கழுகை மாட்டச் சொன்னார் மணியன். மாட்டியதும் சாயம் தெளிந்துவிட்டது என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார்.

அந்த வேலையை முடிக்க வந்த வேலுமணியிடம்தான் சித்ரகலா கடைசி வேலையையும் ஒப்படைத்தாள். சோதனைக்கு வந்த கார்டுகள் இரண்டையும் ஆசிரியர் திருப்பிக் கேட்டிருந்தார். சாம்பிள் ரூம் மெஷினில் இருக்கும் கழுகைக் கழற்றி, வாள்காரியோடு சேர்த்துப் பார்சல் கட்டிவிடு என்றாள்.

போனவன் வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தான். கையில் கழுகுப் பெட்டி இருந்தது. தலையைச் சொறிந்துகொண்டு, வாசலையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தான்.

"கழுகுப் பொட்டிய நான் இன்னும் பிரிக்கவே இல்லீங்க்கா, அன்னைக்கு வாள்காரியோட ஸ்க்ரூ வழுக்கிட்டு அவளைக் கழட்டவே வரல, எல்லாரும் காத்துட்டு இருந்தீங்களேன்னு அவளையே ரெண்டு வாட்டியும் ஓட்டிப்போட்டனுங்க."