கணைக்கால் சேரும் ஹனீபா காக்காவின் அத்திவாரமும்

கல்முனைக்குடியில் யாருடைய முகத்தையும் பார்க்காமலே ஆயுளை முடித்துவிடக்கூடிய ஒரே மனிதர் எங்கள் கணைக்கால் சேர்தான். உயர்தர வகுப்பு மாணவருக்கு உயிரியல் டியூஷன் எடுப்பவர். சொந்தப் பெயரைக் கேட்டால் அவருடைய மனைவியே கொஞ்சம் யோசிப்பார். வீதியில் சலாம் சொன்னால், பதில் நம் முழங்காலுக்குக் கீழேதான் வந்துசேரும்.

ஆதி மனிதன் நிமிர்ந்து நடந்த கதையைக் கணைக்கால் எலும்புதான் சொல்லும் என்பது அவர் கட்சி. மண்டையோட்டை ஆராய்பவர்களெல்லாம் வேலையற்றவர்கள்.

"குரங்குக்கு இந்த எலும்புட கீழ்முனை சரிவு. மனிசனுக்குப் பலகை மாதிரி மட்டம். அதாலதான்டா நீ நிமிர்ந்து நிக்கிறாய். நிண்டு என்ன பிரயோசனம்?" என்பார் என்னைப் பார்த்து.

பள்ளிவாசலில் ஒளு எடுக்கும் இடத்தையும் அவர் விடவில்லை. ஒருநாள் சாரனை உயர்த்திக் கால் கழுவிக்கொண்டிருந்த ஹாஜியார் ஒருவரின் அருகில் குந்தினார்.

"வேட்டைக்குத் திரிஞ்ச பழைய சனத்துக்கு இந்த எலும்பு தட்டையா, வாள் மாதிரி இரிக்கும் ஹாஜியார். ஒங்கட உருண்டை. மோட்டார் சைக்கிள்ல பள்ளிக்கு வாற எலும்பு."

ஹாஜியார் அதன்பிறகு வீட்டிலேயே ஒளு எடுத்துக்கொண்டு வந்தார்.

இப்படியிருக்க, எங்கள் தெரு ஹனீபா காக்கா மகளுக்குச் சீதன வீடு கட்ட அத்திவாரம் வெட்டினார். மண்ணோடு நீளமாக ஓர் எலும்பு வந்தது. செய்தி கேட்டு சேர் ஒற்றைச் செருப்போடு ஓடி வந்தார்.

"வேலைய நிப்பாட்டுங்க! இது ஆதி மனிசன்ட கணைக்கால்!"

ஹனீபா காக்காவுக்கு வியர்த்துவிட்டது. "சேர், நோன்புக்கு முந்தி கலியாணம். மாடெண்டு சொல்லிருங்களன்."

"மாப்பிள்ள வேற கிடைப்பான் காக்கா. இப்பிடி ஒரு கால் கிடைக்குமா?"

மேசன்மார் சந்தோஷமாக வெற்றிலை போடப் போனார்கள். தெருவே கூடிவிட்டது. எவரோ 'அவுலியாட கால்' என்று சொல்லப்போக, ஒரு பெரியவர் அந்த இறைநேசருக்கு ஊதுபத்தியே கொளுத்திவிட்டார். சேர் கிணற்றடியில் அமர்ந்து, குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல எலும்பைக் கழுவினார். சேறு கரைந்து கீழ்முனை தெரிந்தது. பலகையும் இல்லை, மட்டமும் இல்லை. ஆழமாக இரண்டு பள்ளங்கள்.

அந்தப் பள்ளங்களின் அர்த்தம் அங்கே அவர் ஒருவருக்குத்தான் தெரியும். பேசாமல் இருந்திருந்தால் அன்றே ஊரின் பெரிய அறிஞராகியிருக்கலாம். மெல்ல எழும்பினார்.

"காக்கா, நான் பிழை விட்டிட்டன். இது மாடு. வேலையத் தொடங்குங்க."

தெரு சிரித்த சிரிப்பு சாய்ந்தமருது வரைக்கும் கேட்டிருக்கும். ஊதுபத்திப் பெரியவருக்குத்தான் கோபம் அடங்கவேயில்லை.

அடுத்த நாள் சேர் வகுப்புக்கு வரமாட்டார் என்று நாங்கள் பந்தயம் கட்டினோம். வந்தார். அதே எலும்பை மேசையில் வைத்தார்.

"இதுதான் என்னை ஏமாத்தின எலும்பு. எங்க ஏமாந்தன் எண்டு வடிவாப் பாருங்க."

அவர் எடுத்ததிலேயே மிக நல்ல பாடம் அதுதான்.

போன வருடம் விபத்தொன்றில் என் கால் முறிந்தது. பார்க்க வந்தவர்கள் அப்பிளும் ஆறுதலும் கொண்டுவந்தார்கள். சேர் வெறுங்கையோடு வந்தார். எக்ஸ்ரேயை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"நல்ல எலும்பு மகன். பொருந்திரும்," என்றார். அவர் குரல்தான் பொருந்தாமல் உடைந்தது.