சீனித் துளசியை நான் மிரட்டிய கதை

எதையும் பாதி கேட்டதுமே முழுசும் புரிந்துவிடும் வியாதி எனக்கு உண்டு. அந்த வியாதி உச்சத்தில் இருந்தபோதுதான் எனக்குப் பெண் பார்த்தார்கள்.

அச்சன்புதூர்த் தோட்டத்தில் அப்போது சீனித் துளசி போட்டிருந்தேன். இலையை வாயில் போட்டால் இனிக்கும். சர்க்கரை வியாதிக்காரர்களும் சாப்பிடலாம். ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் என் சேக்காளி முருகையா ஒரு குப்பி கொடுத்தான். உள்ளே நானோ துத்தநாகம். ஒரு தலைமுடியை நீளவாக்கில் ஆயிரமாகக் கிழித்தால் எத்தனை மெல்லிசோ, அத்தனை சின்னத் துகள்களாம்.

"இது செடிய லேசா மிரட்டும்லே. மிரண்ட செடி இலையில இனிப்பக் கூட்டிக்கிடும். லிட்டர் தண்ணிக்கு அஞ்சு சொட்டு, மாசத்துக்கு ஒருக்க. கூடிச்சோ, கருகிரும்."

பெண் செங்கோட்டை. பெயர் செல்வி. பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. (இட்லி இறங்கியது.) அவள் அப்பா ரிட்டையர்டு ஏட்டு, சர்க்கரை வியாதி. அவர் கையில் கீழப்பாவூர் பேங்க் மாப்பிள்ளை ஒருவரும் இருந்தார். அந்த பேங்கை ஜெயிக்க என்னிடம் செடி மட்டுமே இருந்தது. "வீடு பாக்க வாங்க சார், சீனியே இல்லாம பாயசம் தாரேன்" என்று போனில் அளந்துவிட்டேன்.

தெளித்தேன். அரை மணி நேரத்தில் குற்றாலத்துச் சாரல் வந்தது. மருந்தைக் கழுவியிருக்கும் என்று மறுநாள் மறுபடி தெளித்தேன். மறுபடி சாரல். எனக்கும் சாரலுக்கும் ரோஷம் முற்றி, ஒன்பது நாள் விடாமல் தெளித்தேன். பத்தாம் நாள் வெயில் அடித்தது. செடிகள் பொரித்த அப்பளமாக நின்றன.

முருகையாவுக்குப் போன் போட்டேன். "தூத்தல் எங்கனலே கழுவும்? ஒட்டினது ஒட்டினதுதான்" என்றான்.

மறுநாள் பெண் வீட்டார் வருகிறார்கள். ஓரளவு பச்சையாக இருந்த இலைகளைப் பொறுக்கி, ஏழு தண்ணீரில் கழுவி, இனிப்பு குறைந்திருக்குமே என்று கூடை நிறையப் போட்டு வேகவைத்தேன். பாயசத்துக்கான சாறு டீசல் நிறத்தில் வந்தது.

"ஏலே, ரெண்டு கரண்டி சீனி போட்டுருவோமா?" என்றாள் அம்மா.

"யம்மா, அவருக்குச் சுகர். சும்மா இரி."

(ருசி பார்த்திருக்கலாம். விஞ்ஞானத்தை யாராவது ருசி பார்ப்பார்களா?)

ஏட்டையா தன் தங்கச்சியோடு வந்தார். எங்கள் பக்கம், சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். எப்படியும் குடிக்கப்போவதில்லை என்ற தைரியத்தில் பாயசத்தை நீட்டினேன்.

"சீனியே இல்லையோ?"

"ஒரு பொட்டு இல்ல, சார்."

பல வருஷமாகப் பாயசத்தை எட்ட நின்று பார்த்த மனுஷன். தங்கச்சி "யண்ணே, கை நனைக்கக் கூ..." என்று முடிப்பதற்குள் அரை டம்ளர் உள்ளே போய்விட்டது.

கசப்பில் மீசையின் இரண்டு பக்கமும் தனித்தனியாக ஆடின. துப்ப இடம் தேடினார். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். விழுங்கினார்.

"குடிச்சிட்டியளே. இனி இவியட்ட என்னத்தச் சொல்ல?" என்று தங்கச்சி தலையில் கைவைத்தாள்.

ஏட்டையா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "செடிய என்னவே செஞ்சீரு?" என்றார். ஒன்பது நாள் கதையையும் ஒப்புக்கொண்டேன்.

"மிரட்டச் சொன்னா, ஸ்டேஷன்ல அடிச்சு லாடம் கட்டுத மாதிரி கட்டியிருக்கீரு." கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டு, "சரி மாப்பிள்ளை, என்னிக்குத் தட்டு மாத்தலாம்?" என்றார்.

கல்யாணமாகி ஆறு வருஷமாகிறது. போன மாதம் செல்வியின் தங்கச்சிக்காகப் பாவூர்சத்திரத்தில் ஒரு மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கப் போனோம். பையன் பாந்தமாக இருந்தான். காபி வந்தது. மாமனார் டம்ளரைத் தொடாமல் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"தம்பி, சம்பளத்த அப்புறம் கேக்கேன். வீட்டுல செடிக்கு ஏதும் தெளிக்கியளா?"

செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"மாடித்தோட்டம் வச்சிருக்கேன், மாமா. நானே ஒரு மருந்து கலக்கி..." என்று பையன் ஆரம்பித்தான்.

மாமனார் எழுந்து செருப்பைத் தேடினார்.