ஒத்திகை அண்ணன் பார்த்த பேரிடர்கள்

இந்த நாட்டில் இன்னும் நடக்காத எல்லா ஆபத்துகளையும் முன்கூட்டியே பார்த்துவிட்ட மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அணை உடைந்ததை அவர் ஒன்பது முறை பார்த்திருக்கிறார். நிலநடுக்கம் நான்கு முறை. காட்டு யானை ஊருக்குள் வந்ததையும், தலைவர்கள் மறைந்ததையும் எண்ணி முடியாது. இத்தனையும் நடந்தது ஓசூரில், ஒரு செருப்புக் கடைக்கு மேல்மாடியில், இரண்டரை அறைகளில் இயங்கிய எங்கள் சமுதாய வானொலி நிலையத்துக்குள்ளேயே.

சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறு பெயர் இருந்திருக்க வேண்டும். எங்களுக்கு அவர் ஒத்திகை அண்ணன். ஒலிபரப்புக் கருவிகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அதற்கு முன் இருபது வருடம் ஒரு தொழிற்சாலையில் தீ பாதுகாப்புப் பிரிவில் இருந்தவர். அந்த இருபது வருடத்தில் அங்கே ஒரு பீடி நெருப்புகூடப் பரவவில்லையாம். "சும்மாவா பரவல? வாரா வாரம் ஒத்திகை பாத்தோம் மா, அதனாலதான் பரவல" என்பார்.

நான் அறிவிப்பாளராகச் சேர்ந்த முதல் நாள், பதிவு செய்த நிகழ்ச்சி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. நான் மைக் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணன் ஒரு பலகையைத் தூக்கிக் காட்டினார். 'அணை உடைந்துவிட்டது. உடனே பேசு.' கீழே பொடி எழுத்தில் ஒத்திகை என்று எழுதியிருந்ததாம். அதை யார் பார்த்தார்கள்? மைக்கின் இணைப்பை அவர் பிடுங்கி வைத்திருந்ததும் எனக்குத் தெரியாது. "அன்பான நேயர்களே, எல்லாரும் ஓடுங்க!" என்று அலறிவிட்டு நானும் எழுந்து ஓடினேன். படிக்கட்டில் வழிமறித்தார்.

"எந்தப் பக்கம் மா ஓடறது?"

"எந்தப் பக்கமோ! தண்ணி வருதுங்களே!"

"ஓடுன்னு சொன்னா போதுமா? பள்ளத்துப் பக்கம் ஓடுனா தண்ணி கூடவே வரும். மேட்டுக்குப் போங்கன்னு சொல்லணும். மொதல்ல என்ன செய்யணும்னு சொல்லு. என்ன ஆச்சுங்கறத அப்புறம் சொல்லிக்கலாம். போ, போயி மறுபடியும் அணைய உட."

அன்று மாலைக்குள் அணையை ஆறு தடவை உடைத்தோம். ஆறாவது தடவைதான் ஜனங்கள் பிழைத்தார்கள்.

நிலையத்தின் மூலையில் சிவப்பு அலமாரி ஒன்று இருந்தது. டார்ச், பேட்டரி, கையடக்க ரேடியோ, தாசில்தார் அலுவலகம் முதல் பாம்பு பிடிப்பவர் வரை எல்லாருடைய தொலைபேசி எண்கள், இரண்டு படி பொரி எல்லாம் அதற்குள். முக்கியத் தலைவர் யாராவது மறைந்தால் சினிமாப் பாட்டு போடக் கூடாது என்பதற்காக ஒரு மணி நேர வீணை இசையையும் தயாராக வைத்திருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை அதைச் சரிபார்க்கும்போது எந்தப் பொத்தான் எந்தப் பக்கம் போனதோ, கேழ்வரகுக் களி கிண்டுவது எப்படி என்ற நிகழ்ச்சியின் நடுவே சோக வீணை ஊருக்கெல்லாம் கேட்டுவிட்டது.

போன் மேல் போன். "யாருங்க போயிட்டாங்க?" என்று ஒரே விசாரணை. தளி ரோட்டில் ஒரு மளிகைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, யார் என்று தெரிந்தால் மீதியை இறக்கலாம் என்று காத்திருந்தாராம். ஒருவர் மட்டும், "அந்தக் களியில உப்பு எப்பப் போடணும், அத சொல்லிட்டு அழுங்க" என்றார்.

நிலையப் பொறுப்பாளர் ஸ்டெல்லா மேடம் அவரைக் கூப்பிட்டு வறுத்தெடுத்தார். ஒத்திகை அண்ணன் முகத்திலோ ஒரே பூரிப்பு. "எட்டே நிமிஷத்துல கடைய மூடறாங்க மேடம்! நம்ம ரேடியோவ ஆளுங்க கேக்கறாங்க மேடம்!"

"இனிமே ஒத்திகைங்கற வார்த்தையே இந்த மாடியில காதுல விழக் கூடாது" என்றார் மேடம். சரிங்க என்றார். மறுநாளிலிருந்து அதற்கு 'ஞாபகப்படுத்தறது' என்று பெயர் வைத்துக்கொண்டார்.

அடுத்து அவர் கையில் எடுத்தது பாஷைப் பிரச்சினை. "இந்த ஊர்ல வீட்ல ஒண்ணு பேசறாங்க, கம்பெனில ஒண்ணு பேசறாங்க. பயம் வந்துட்டா அம்மா பேசுன பாஷதான் மா காதுல ஏறும்" என்றார். தீ, வெள்ளம், விஷவாயு, யானை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிட அறிவிப்பு எழுதினார். தமிழுக்கு நான். தெலுங்குக்குக் கணக்குப் பார்க்கும் பத்மா அக்கா. கன்னடத்துக்குப் பூ விற்கிற அம்மா. இந்திக்கு எதிர் வங்கியின் காவலாளி. ஒடியாவுக்கு, கீழே இருந்த ஓட்டலின் பரோட்டா மாஸ்டர் பிகாஷ்.

பிகாஷ் எதைப் படித்தாலும் ஆர்டர் சொல்வது மாதிரியே இருந்தது. அண்ணன் பதினான்கு முறை திருப்பிச் சொல்ல வைத்தார். பதினைந்தாவது முறைக்குள் கல்லில் பரோட்டா கருகி, ஓட்டல்காரர் மாடியேறி வந்துவிட்டார். "ஏங்க, வராத யானைக்கு என் யாவாரத்த ஏங்க கெடுக்கறீங்க?" கருகிய பரோட்டா எல்லாவற்றையும் அண்ணனே வாங்கிக்கொண்டு, எங்களுக்கும் பங்கு போட்டுக் கொடுத்தார். சாப்பிட முடியவில்லை என்பது வேறு விஷயம்.

பிறகு ஒரு புதன்கிழமை. மதியம் பாட்டு நிகழ்ச்சியில் இருந்தேன். பசுமைக் குடிலில் ரோஜா பறிக்கும் ஒரு நேயர் போனில் வந்தார். என்ன பாட்டு வேண்டும் என்று கேட்டேன். "பாட்டு வேணாம் மா. மூக்கு எரியுது. கண்ணுல தண்ணியா ஊத்துது. தொழிற்பேட்டப் பக்கமிருந்து ஏதோ நெடி வருது" என்றார்.

கண்ணாடிக்கு வெளியே ஒத்திகை அண்ணன் நிமிர்ந்தார். ஒரு பாட்டைப் போடச் சொன்னார். அதே பக்கத்திலிருந்த வேறு இரண்டு நேயர்களைக் கூப்பிட்டு விசாரித்தார். தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட்டார். ஒரு குளிர்பதனக் கிடங்கில் அம்மோனியா கசிகிறது, காற்று கிழக்கே அடிக்கிறது, கிழக்கே இருப்பவர்கள் வீட்டுக்குள் இருக்கட்டும், வெளியிலிருந்து யாரும் அந்தப் பக்கம் வர வேண்டாம் என்றார்கள். சொன்னதை எழுதி, திருப்பிப் படித்துக் காட்டி, சொன்னவரின் பெயரையும் கேட்டுக்கொண்டார்.

"கேஸ் கசிவு! எல்லாரும் எழுந்திருங்க!" என்று கத்தினார். ஒருவரும் எழவில்லை.

"சரிண்ணா, சாப்பிட்டு வந்து பயப்படறன்" என்றார் பத்மா அக்கா, தயிர்சாதத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

"உண்மை மா! உண்மையாவே உண்மை!"

"போன வாரமும் அப்படித்தானண்ணா சொன்ன."

நான் அவர் கையைப் பார்த்தேன். பிடித்திருந்த காகிதம் படபடவென்று நடுங்கியது. எந்த ஒத்திகையிலும் அந்தக் கை நடுங்கி நான் பார்த்ததில்லை. பத்மா அக்காவும் அதைப் பார்த்துவிட்டார். டிபன் பாக்ஸை மூடாமலேயே எழுந்தார்.

அப்போதுதான் எனக்கு நேரம் உறைத்தது. இரண்டாவது ஷிப்டு பேருந்துகள் கிளம்பியிருக்கும். என் தங்கை ரேவதி அதில் ஒன்றில், நேராக அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருப்பாள். போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன்.

அண்ணன் என் கையிலிருந்த போனை மெல்ல வாங்கிக் கீழே வைத்தார். "பஸ்ல டிரைவர் நம்ம ரேடியோதான் மா வெச்சிருப்பாரு. ரேவதிகிட்ட பேசற மாதிரி பேசு. எல்லாருக்கும் கேக்கும்."

மைக்கைத் திறந்தேன். "கம்பெனி பஸ் ஓட்டுநர்களே, தொழிற்பேட்டைக்குள் போகாதீர்கள். சுற்றுச்சாலைக்கு முன்னால் நிறுத்துங்கள். கிழக்குப் பக்கம் இருப்பவர்கள் வீட்டுக்குள் போய்க் கதவு, ஜன்னலைச் சாத்துங்கள். ஈரத்துணியால் மூக்கை மூடிக்கொள்ளுங்கள்." அதற்குப் பிறகுதான் என்ன ஆயிற்று என்று சொன்னேன். குரல் எப்படிப் பிசிறாமல் வந்தது என்று இன்றும் எனக்குத் தெரியாது. தொடர்ந்து பத்மா அக்காவும், கீழேயிருந்து ஓடி வந்த மற்றவர்களும் தெலுங்கு, கன்னடம், இந்தி, ஒடியாவில் சொன்னார்கள். பிகாஷ் ஆர்டர் சொல்கிற மாதிரி அதட்டினார்.

இரண்டாவது சுற்றில் மின்சாரம் போனது. புதன்தோறும் துடைத்து, எண்ணெய் விட்டு, ஓட்டிப் பார்த்த ஜெனரேட்டர் அன்றைக்குப் பார்த்துக் கிளம்பவில்லை. அண்ணன் அதை ஒரு பார்வை பார்த்தார். சொந்தப் பிள்ளை பரீட்சையில் கோட்டை விட்டதைப் பார்க்கிற பார்வை. பிறகு ஸ்டெல்லா மேடத்திடம் கையை நீட்டினார். "கார் சாவி குடுங்க மேடம்."

"எங்க போறீங்க?"

"எங்கயும் போவல. பேட்டரியக் கழட்டணும்."

கார் பேட்டரியை, மூலையில் சும்மா கிடந்த பழைய இன்வெர்ட்டரில் மாட்டினார். நான்கு நிமிட மௌனத்துக்குப் பிறகு நிலையம் மறுபடியும் பேசியது. உடனே ஒரு போன். "எம்மா, பஸ் டிரைவர் பேசறன். சுற்றுச்சாலைக்கு இந்தாண்ட நிறுத்திட்டன். வண்டியில நாப்பது பொண்ணுங்க இருக்காங்க. எந்தப் பக்கம் திருப்பட்டும்?"

"வந்த வழியே மேற்கே திருப்புங்கண்ணா" என்றேன். பின்னால் ஏழெட்டுக் குரல்கள். அதில் ஒன்று, "அது எங்கக்கா! எங்கக்காதான் பேசுது!" என்றது. மைக் திறந்திருக்கிறது என்பதை மறந்து அழுதுவிட்டேன். ஊரே கேட்டது. அண்ணன் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பலகையைத் தூக்கினார். 'அழு. ஆனா திசையை இன்னொரு தடவை சொல்லிட்டு அழு.'

தீயணைப்பு வீரர்கள் இரண்டு மணி நேரத்தில் வால்வை அடைத்தார்கள். கண் எரிச்சல், இருமல் என்று மருத்துவமனைக்குப் போனவர்கள் எல்லாரும் மாலையிலேயே வீடு திரும்பினார்கள். அடுத்த நாள் ஒடிசாத் தொழிலாளர்கள் முப்பது பேர் ஓட்டலுக்கு வந்து, ரேடியோவில் தங்களைக் கதவைச் சாத்தச் சொல்லி அதட்டியது யார் என்று கேட்டார்கள். ஓட்டல்காரர் பிகாஷை முன்னால் நிறுத்தி, "நம்ம ஆளுதான்" என்று பெருமையடித்துக்கொண்டார்.

எங்களை யாராவது பாராட்டுவார்கள் என்று பார்த்தால், ஒத்திகை அண்ணன் ஒரு தாளோடு வந்தார். 'நேற்றைய தப்புகள், பதினொன்று.' முதல் தப்பு, பத்மா எழுந்திருக்க எடுத்துக்கொண்ட நேரம். ஏழாவது, தன் கை நடுங்கியது. அதை அவரே எழுதியிருந்தார். ஸ்டெல்லா மேடம் முழுவதையும் படித்துவிட்டு, "அடுத்த ஒத்திகை எப்போ?" என்று கேட்டார். அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்டதும் அண்ணன் சட்டென்று திரும்பி ஜன்னலைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

போன தை மாதம் ரேவதிக்குக் கல்யாணம். காலை முகூர்த்தத்துக்கு அண்ணன் விடியும்போதே வந்துவிட்டார். மண்டபத்தின் வாசல்களை எண்ணினார். பூட்டியிருந்த பின்கதவைத் திறக்க வைத்தார். சமையல்காரரோடு சண்டை போட்டு கேஸ் சிலிண்டர்களை வெளியே நகர்த்தினார். சாப்பிடக் கூப்பிட்டால், "நீங்க ஒக்காருங்க மா, நான் இங்க இருக்கறன்" என்று பின்கதவுப் பக்கம் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டார். எத்தனையோ கல்யாணங்களில் சாப்பிட்டிருக்கிறேன். அவ்வளவு நிம்மதியாக ஒரு பந்தியில் நான் உட்கார்ந்ததே இல்லை.