ஓலைக்குத் தடை சொன்ன ஐயரம்மா

மும்பையில் லோக்கல் ரயிலையும் கர்த்தருடைய வார்த்தையையும் ஒரே கால அட்டவணையில் ஓட்டிக் காட்டிய ஒரே ஆள் எங்கள் ஐயரம்மாதான்.

எங்கள் லுத்தரன் சபையில் போதகரை ஐயர் என்போம். அவர் மனைவி ஐயரம்மா. மாட்டுங்கா மார்க்கெட்டில் ஒருமுறை நான் பின்னாலிருந்து "ஐயரம்மா" என்று கூப்பிட, நாலு மாமிகள் திரும்பினார்கள். நம்மவரும் திரும்பினார், கையில் நெத்திலிக் கருவாட்டுப் பையோடு. அந்த மாமிகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கப்புறம் அந்தப் பக்கம் போனால் வாயைத் திறப்பதில்லை.

தாராவியில் இருந்த எங்கள் கோயிலுக்குக் கல்யாண், டோம்பிவிலியிலிருந்தெல்லாம் ஜனம் வரும். ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக் என்று ரயிலை நிறுத்திவிட்டால் வீடு போய்ச் சேரப் பொழுது சாய்ந்துவிடும். ஐயரோ ஆதியாகமத்தில் ஏறினால் வெளிப்படுத்தலில்தான் இறங்குவார். முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஐயரம்மா தன் கறுப்புக் கைப்பையைத் திறந்து 'டக்' என்று மூடுவார். முடிக்கத் தொடங்கலாம் என்று அர்த்தம். இரண்டாவது 'டக்'குக்கு, மோசே செங்கடல் நடுவில் நின்றாலும் சரி, ஐயர் ஆமென் சொல்லிவிடுவார். இஸ்ரவேல் ஜனங்கள் எத்தனையோ வாரம் அக்கரை சேரவேயில்லை. டோம்பிவிலிக்காரர்கள் சேர்ந்துவிட்டார்கள்.

சனிக்கிழமையே ஒத்திகை நடக்கும். ஐயரம்மா அரிவாள்மணையில் மீன் அரிய, ஐயர் எதிரே நின்று பிரசங்கிப்பார். "இது போன வருசமே சொன்னதுல்லா", "யோபுவ விட்டுருங்க, அவரு பட்டது போதும்" என்று மீனோடு பிரசங்கத்தையும் சேர்த்து ஆய்ந்துவிடுவார். பிற்பாடு மகனும் போதகரானபோது அவருக்கும் இதே கதிதான்.

ஆனால் சயானிலிருந்து செம்பூர் வரை ஐயரம்மா பேர் பரவியது பிரசங்கத்தால் இல்லை, என் அக்கா எஸ்தரின் கல்யாணத்தால்.

எங்கள் அம்மா நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோதே போய்விட்டார். தோல் பை பட்டறை வைத்திருந்த அப்பாதான் வளர்த்தார். வாக்குத் தவறாத மனிதர். அந்த வாக்கை யாரையும் கேட்காமல் கொடுத்துவிடுவதுதான் அவரிடம் இருந்த ஒரே சிக்கல். அப்படித்தான் கல்யாணில் ஒரு குடும்பத்துக்கு, பெண் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். அக்காவுக்கு நர்சிங் முடிய இன்னும் ஒரு வருஷம் பாக்கி. படிப்பை நிறுத்திவிட வேண்டும் என்பது மாப்பிள்ளை வீட்டுக் கட்டளை. அக்காவுக்கு அப்பாவிடம் பேசத் தைரியம் வரவில்லை.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு மணமக்கள் பேரை வாசித்து, "தடை உண்டானால் தெரிவிக்கவும்" என்பார்கள். ஓலை வாசிப்பது என்று அதற்குப் பேர். வாசித்ததும் ஐயர் ஒரு மூச்சு நிறுத்துவார். ஜனங்கள் இருமிக்கொள்வதற்கென்றே ஏற்பட்ட இடைவேளை அது. யாரும் தடை சொன்னதாகச் சரித்திரம் கிடையாது.

இரண்டு ஞாயிறு போயிற்று. பாடகர் குழுவில் அக்கா வாயை மட்டும் அசைக்கிறாள் என்பதை ஐயரம்மா கண்டுபிடித்துவிட்டார். தன் வீட்டு அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போய் விஷயத்தைக் கறந்தார். கையோடு ஐயரிடம் போனார்.

"பிள்ளைக்கு இஷ்டமில்ல. மூணாவது ஓலைய வாசிக்காதிய."

"அவ அப்பா சம்மதம்னு எழுதிக் குடுத்திருக்காரு. தடைன்னா சபையில எந்திரிச்சுச் சொல்லணும், அதான் முறை" என்றார் ஐயர்.

"அப்படியா? முறைன்னா முறைப்படியே செய்வோம்."

பாவம், பேச்சு முடிந்தது என்று ஐயர் நினைத்துவிட்டார்.

மூன்றாம் ஞாயிறு. கல்யாண்காரர்கள் பட்டும் ஜரிகையுமாக இரண்டாவது வரிசையில். ஐயர் ஓலையை வாசித்தார். ஜனங்கள் இருமத் தயாரானார்கள். ஐயரம்மா எழுந்தார்.

"ஐயரே, தடை இருக்கு."

இருமல் எல்லாம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. வீட்டில் "ஏங்க" என்று கூப்பிடுகிறவர் "ஐயரே" என்றதும், ஐயரின் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது. அவர் கையிலிருந்த புத்தகத்தில் தடை உண்டா என்று கேட்பது வரைதான் போட்டிருந்தது. உண்டு என்று எவராவது சொன்னால் என்ன செய்வது என்று போடவில்லை.

"என்ன தடைன்னு... சொல்லுங்கம்மா" என்றார். சொந்த மனைவிக்கு அவர் அத்தனை மரியாதை கொடுத்தது சபையறிய அதுதான் முதல் தடவை.

"பொண்ணுகிட்ட யாருமே கேக்கல. கேக்காம நீங்க எப்படி வாசிச்சிய?"

ஐயர் பாடகர் குழுப் பக்கம் திரும்பினார். "எஸ்தர், உனக்குச் சம்மதமாம்மா?"

அக்கா அப்பாவைப் பார்த்தாள். ஐயரம்மாவைப் பார்த்தாள். இல்லை என்று தலையாட்டினாள். கல்யாண்காரர்கள் காணிக்கைப் பை வருவதற்குள் கிளம்பிவிட்டார்கள்.

வாசலில் அப்பா நெருப்பாக நின்றார். "எங்க வீட்டு விசயத்துல தலையிட நீங்க யாரு?"

"பிள்ளைக்கு அம்மை இருந்தா அவ கேட்டிருப்பா. அவ இல்ல, நான் கேட்டேன். கோவம் இருந்தா எம்மேல வச்சுக்கிடும். பிள்ளைய ஒண்ணும் சொல்லப்படாது."

அப்பா சபையை விட்டே போய்விட்டார். மாஹிமில் ஓர் இங்கிலீஷ் கோயில். ஒரு வார்த்தை புரியாமல் வாராவாரம் போய் உட்கார்ந்துவிட்டு வருவார். "அங்க பிரசங்கம் முடியவே மாட்டேங்கு" என்பதுதான் அவர் கேட்டு வந்த ஒரே செய்தி. ஐயரம்மா கொடுத்துவிடும் மீன் குழம்பு மட்டும் தடையில்லாமல் வீட்டுக்கு வந்தது. கோபம் ஆள்மேலதான், குழம்புமேல இல்லை என்று அப்பா அதைச் சாப்பிட்டார்.

அக்கா படிப்பை முடித்து வேலைக்கும் போய்விட்டாள். ஒருநாள் அப்பா என்னையும் இழுத்துக்கொண்டு ஐயரம்மா வீட்டு வாசலில் போய் நின்றார்.

"எஸ்தருக்குச் செம்பூர்ல ஒரு பையன் பாத்திருக்கு."

"பாத்தது யாரு?"

"அவதான்."

"நீரு அவகிட்ட சம்மதம் கேட்டீரா?"

"நான் எங்க கேக்க? அவல்லா வந்து எங்கிட்ட சம்மதம் கேட்டா."

ஐயரம்மா சிரித்துக்கொண்டே தட்டு வைத்தார். அப்பா சோற்றைப் பிசைந்தபடி, "அன்னைக்கு நீங்க எந்திரிக்கலேன்னா எம்பிள்ள..." என்று ஆரம்பித்தார்.

"சாப்பிடும். முள்ளு இருக்கு, பாத்து" என்றார் ஐயரம்மா.

ஐயரும் போய்விட்டார், அப்பாவும் போய்விட்டார். தொண்ணூறு தாண்டிய ஐயரம்மா இப்போது டோம்பிவிலியில் மகனோடு இருக்கிறார். அக்கா மேட்ரனாகி ஓய்வு பெற்று, பேரன் பேத்தியும் எடுத்துவிட்டாள். ஆனாலும் மாதம் ஒருமுறை, செம்பூரிலிருந்து இரண்டு ரயில் மாறிக் கூட்டத்தில் நசுங்கிப் போய்விட்டு வருகிறாள். இந்த வயதில் எங்கே கிளம்பிவிட்டாய் என்று அத்தான் கேட்டால், புடவையைச் சரிசெய்துகொண்டே சொல்வாள்.

"எங்கம்மா வீட்டுக்கு."