மூணு மாசம் தாங்குற பேட்டரி

சிங்கப்பூர் தேக்கா கடைத்தெருவுல ரெண்டு வேலை. வீடியோ டோர்பெல் வாங்கணும், பூஜைக்கு மாவிலை வாங்கணும். இதுல என்ன பெருசா தப்பாகிடப் போகுதுன்னுதான் நானும் கிளம்பினேன்.

ஞாயித்துக்கிழமை எங்க பிடோக் வீட்டுல சின்னதா ஒரு பூஜை. என் மனைவி சுதாவோட அண்ணன் சாப்பிட வர்றார். மச்சான் எலெக்ட்ரீஷியன். "வயர் வச்ச பெல்லா வாங்கு மாப்ள, நான் வந்து இழுத்துத் தர்றேன்"னு ஏற்கெனவே சொல்லியிருந்தார். நான்தான் பெரிய இவனாட்டம், "அதெல்லாம் நானே பாத்துக்கிறேன் மச்சான்"னு சொல்லிட்டேன். அவர் வந்து அமுக்கும்போது அந்த பெல் அடிச்சே ஆகணும். என் மானம் அதுலதான் இருந்துச்சு.

கடைக்காரர் கேட்டார். "மூணு விதம் இருக்குண்ணே. வயர், சோலார், பேட்டரி. எது வேணும்?"

வயர்னா மச்சானைக் கூப்பிடணும். சோலார்னா, எங்க காரிடார்ல வெயில் எட்டிக்கூடப் பாக்காது.

"பேட்டரி எத்தனை நாள் தாங்கும்?"

"ஒரு தடவை சார்ஜ் போட்டா மூணு மாசம் கவலையே இல்ல லா. எதிர்ல ஏதாவது அசைஞ்சா மட்டும்தான் முழிச்சுப் படம் பிடிக்கும்."

ஒரு கையில டோர்பெல், இன்னொரு கையில மாவிலைப் பை. ராஜா மாதிரி வீட்டுக்கு வந்தேன். புதுசுக்கு முழுசா சார்ஜ் போட்டு மாட்டினேன். பழைய பெல்லைக் கழட்டிக் குப்பையில போட்டேன்.

சனிக்கிழமை காலையில சுதா வாசல்ல மாவிலைத் தோரணம் கட்டினா. கொஞ்ச நேரத்துல என் போன் ஆரம்பிச்சுது. வாசல்ல யாரோ இருக்காங்களாம். ஓடிப்போய்த் திறந்தா யாரும் இல்ல. உக்கார்ந்தேன், மறுபடியும் டிங். யாரும் இல்ல.

"என்னங்க, ரிப்பேரா?"

"ரிப்பேர் இல்ல, உஷாரா இருக்கு."

பத்தாவது தடவை ஓடினதும் முட்டி வலிச்சுது. அது உஷாரா இருக்கட்டும், நான் உக்கார்றேன்னு போனை சைலன்ட்ல போட்டேன்.

ஞாயித்துக்கிழமை பூஜை முடிஞ்சு வடை ஆறிக்கிட்டு இருக்கு.

"அண்ணனை இன்னும் காணோமே?"

நான் போன்ல டோர்பெல் ஆப்பைத் திறந்து ஸ்டைலா காமிச்சேன். வாசல் காலி. "இன்னும் வரல. வந்தா இதுவே சொல்லும்."

அரை மணி நேரம் கழிச்சு சமையலறை ஜன்னலை யாரோ தட்டினாங்க. பக்கத்து வீட்டு மேரி அக்கா.

"தம்பி, உங்க மச்சான் எங்க வீட்டுல கோப்பி குடிச்சிக்கிட்டு இருக்கார். பெல்லை அமுக்கி அமுக்கி விரல் தேஞ்சு போச்சாம். போன் போட்டாலும் நீங்க எடுக்கலையாம்."

பேட்டரி முந்தின ராத்திரியே செத்துப் போச்சு. நான் காமிச்சது பழைய படம். மச்சானோட ஏழு மிஸ்டு கால், நான் சைலன்ட்ல போட்ட போன்ல சத்தமில்லாம கிடந்துச்சு.

மச்சான் உள்ள வந்தார். என் போனை வாங்கி, பதிவான வீடியோவை ஒவ்வொண்ணா பார்த்தார். கேமராவுக்கு முன்னாடி காரிடார் காத்துல தோரணம் ஆடுது. அடுத்ததுலயும் தோரணம் ஆடுது. அதுக்கு அடுத்ததுலயும் அதேதான்.

நிதானமா ஒரு வடையைக் கடிச்சார்.

"மாப்ள, மாவிலை உன் வீட்டுக்கு அடிக்கடி வந்து போகுது போல."

சுதா சிரிச்ச சிரிப்புல சாம்பார் இலைக்கு வரவே இல்ல. எனக்கு வெக்கமா போச்சு. அடுத்த வாரம் மச்சான் வயர் இழுக்க வர்றார், நான் ஏணி பிடிக்கணுமாம்.

வயர், சோலார், பேட்டரின்னு மூணையும் யோசிச்சவன், இன்னொரு கையில இருந்த பையை யோசிக்கல.