முதல் வரிசை காலியான கதை

எனக்குக் கொள்கை நினைவிருக்கும், முகம் நினைவிருக்காது. ஐம்பதைக் கடந்த பிறகு இதை ஒப்புக்கொள்வதில் பெருமை ஒன்றுமில்லை.

எங்கள் நாடகக் குழுவுக்குப் புதுச்சேரியில் நிரந்தர ரசிகர்கள் நாற்பது பேர். (பாதிப் பேர் நடிகர்களின் மாமனார், மாமியார்.) எங்கள் சாரம் பகுதி முழுக்க மாடி மேல் மாடி எழுப்புகிறவர்கள் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள், அவர்கள் எட்டிப் பார்க்காத அரங்கம் என்ன அரங்கம் என்று, செயலாளரான நான் கூட்டத்தில் மேசையைத் தட்டினேன். அவர்கள் படும் பாட்டை நாடகமாகவும் எழுதினேன்.

வேலை நடக்கும் இடத்துக்கே போய்க் கொத்தனார் பிகாஷை அழைத்தேன். தலையில் ஹெல்மெட், முகமெல்லாம் சிமென்ட். எட்டு வருஷமாக இங்கே இருப்பவர். தமிழ் சரளமாக வந்தது.

“எங்க ஊர்லயும் நாடகம் போடுவோம் சார். நான்தான் ராணி வேஷம் கட்டுவேன். ஞாயித்துக்கெழம ஒரு நாள்தான் புள்ளைங்ககிட்ட வீடியோ கால் பேசுறது... பரவால்ல, பன்னண்டு பேரும் வந்துடறோம்.”

“முதல் வரிசை உங்களுக்குத்தான்” என்று வாக்குக் கொடுத்தேன்.

ஞாயிறு மாலை நாலு மணி. ஆறுக்கு நாடகம். நாற்காலி போட ஆள் வரவில்லை. நான் வியர்த்து நின்றபோது வாசலில் பன்னிரண்டு பேர். இஸ்திரி போட்ட சட்டை, எண்ணெய் தடவி வாரிய தலை.

“இப்பத்தான் வர்றீங்களா? மொதல்ல அந்தச் சேரையெல்லாம் எறக்குங்க.”

“சார், நாங்க...”

“அப்புறம் பேசலாம்பா.”

நூல் பிடித்த மாதிரி வரிசை போட்டார்கள். முதல் வரிசையில் ‘சிறப்பு விருந்தினர்’ தாள்களை ஒட்டியதும் அவர்கள்தான். தலைகீழாக இருந்த ஒன்றை நான் திருத்தினேன். ஆளுக்கொரு டீ கொடுத்து, முதுகில் தட்டி, அனுப்பிவைத்தேன்.

ஆறு மணிக்கு முதல் வரிசை காலி. குழுத் தலைவர் அந்துவான், ஓய்வுபெற்ற பிரெஞ்சு வாத்தியார், என் காதில் கேட்டார்: “எங்கய்யா ஒன் விருந்தாளிங்க?”

நான் மேடையேறி, “கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறோம். அவர்கள்தான் வரவில்லை” என்று தழுதழுத்தேன். நாற்பது பேரும் கைதட்டினார்கள்.

மறுநாள் காலை நியாயம் கேட்கப் போனேன். ஹெல்மெட்டும் சிமென்டுமாக நின்ற பிகாஷை உடனே அடையாளம் தெரிந்துவிட்டது.

“வந்தோமே சார்! எங்க ஊர்ல நாடகம்னா பாக்க வர்றவங்களும் சேந்துதான் பந்தல் போடுவோம். இங்கயும் அப்டித்தான்னு நெனச்சோம். நீங்கதான் டீ குடுத்து, கெளம்புங்கன்னுட்டீங்க.”

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தேவலை.

வீட்டுக்கு யார் வந்தாலும், “வந்தவங்கள மொதல்ல உக்காரச் சொல்லுங்க” என்று என் மனைவி இன்றும் உள்ளிருந்து குரல் கொடுக்கிறாள். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அதைத் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது, அன்று காலை கிளம்பும்போது கேட்டது. அசடு வழிய, அடுத்த நாடகத்துக்குக் கட்டாயம் வரணும் என்றேன். பிகாஷ் ஒரு கரண்டிக் கலவையைச் சுவரில் அப்பிவிட்டு, திரும்பாமலே சொன்னார்:

“வர்றோம் சார். இந்தத் தடவ ஹெல்மெட்டோட வர்றேன். அப்பதான் ஒங்களுக்கு ஆள் தெரியும்.”